உடன்குடி பனையில் ஒரு கம்பி... அதன் ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு பெயர்! யார் இந்த ஆலிவர் ஹெவிசைட்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளைத் தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரையைத் தாண்டி ஓடியது. திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில், சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. கரண்ட் இல்லை. பல ஊர்களில் செல்போன் சிக்னலும் இல்லை. வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்த பிள்ளைகள் வீட்டுக்குப் போன் போட்டுப் போட்டு ஓய்ந்துபோனார்கள்.

டவர்கள் எல்லாம் படுத்துவிட்ட அப்படியொரு நாளிலும் வேலை செய்யக்கூடிய ஏற்பாடு ஒன்று இருக்கு. ஹாம் ரேடியோ. மத்திய அரசு நடத்தும் தேர்வில் பாஸ் செய்து, உரிமம் வாங்கிய தனிநபர்கள் பயன்படுத்தும் வானொலி. ஒரு கார் பேட்டரி, சின்னதாக ஒரு ரேடியோ, 20 மீட்டர் கம்பி... அவ்வளவுதான். உடன்குடி மாதிரி ஊரில் கம்பியைக் கட்ட கம்பம்கூட தேட வேண்டாம். கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் ஆச்சே, பனைமரத்துக்கா பஞ்சம்?

ஆனா ஒரு சிக்கல். கம்பியை நேராக ரேடியோவில் சொருகினால் வேலைக்கு ஆகாது. நடுவில் உள்ளங்கை அளவு டப்பா ஒன்று வேண்டும். அந்த டப்பா என்ன செய்கிறது என்று கேட்டால், ரேடியோக்காரர்கள் சொல்லும் பதிலில் வரிக்கு வரி வரும் சொற்கள்: இம்பீடன்ஸ், இண்டக்டன்ஸ், பெர்மியபிலிட்டி. இவற்றில் முதல் இரண்டும் ஒரே ஆள் உருவாக்கியவை. அவர் கல்லூரிப் பக்கமே போகாதவர். 24 வயதில் வேலையை விட்டவர். கடைசிக் காலத்தில் கேஸ் பில் கட்டக்கூட முடியாமல் தவித்தவர். பெயர் ஆலிவர் ஹெவிசைட். 2025 பிப்ரவரியோடு அவர் இறந்து 100 வருஷம் ஆகிவிட்டது.

16 வயதோடு முடிந்த படிப்பு

1850 மே 18 அன்று லண்டனின் கேம்டன் டவுன் பகுதியில் பிறந்தார் ஹெவிசைட். அப்பா தாமஸ், மரத்தில் படம் செதுக்கும் தொழிலாளி. புகைப்படம் வளர வளர அந்தத் தொழில் தேய்ந்துகொண்டே போனது. அம்மா ரேச்சல் சின்னதாக ஒரு பள்ளி நடத்திக் குடும்பத்தைத் தாங்கினார். சிறுவயதில் வந்த ஸ்கார்லெட் காய்ச்சல் ஆலிவரின் கேட்கும் திறனைப் பாதித்தது. தெருப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாட முடியாத பையன், தனியாகவே வளர்ந்தான்.

படிப்பில் கெட்டிதான். 1865இல் 500க்கும் மேற்பட்டோர் எழுதிய ஒரு பொதுத்தேர்வில் ஐந்தாவதாக வந்தார். ஆனால் மேலே படிக்க வைக்க வீட்டில் காசு இல்லை. 16 வயதோடு பள்ளி முடிந்தது.

ஒரே ஒரு நல்ல விஷயம், பெரியம்மா உறவில் சார்லஸ் வீட்ஸ்டோன் இருந்தார். பிரிட்டனில் தந்தியைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர். அவருடைய வழிகாட்டலில் 1868இல் ஹெவிசைடுக்குத் தந்தி வேலை கிடைத்தது. டென்மார்க்கையும் இங்கிலாந்தையும் இணைத்த கடலடி கேபிள் கம்பெனி அது. முதலில் டென்மார்க், பிறகு இங்கிலாந்தின் நியூகாசில்.

அங்கேதான் ஒரு கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. கேபிளின் ஒரு முனையில் தெளிவாக அனுப்பும் சிக்னல், மறுமுனையில் ஏன் குழம்பிப்போய் வருகிறது?

வேலையை விட்டார், அறைக்குள் போனார்

1873இல் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல்லின் மின்காந்தவியல் நூல் வெளியானது. ஹெவிசைட் அதைப் புரட்டிப் பார்த்தார், ஒன்றும் புரியவில்லை. பள்ளிக்கூடத்து அல்ஜீப்ராவும் திரிகோணமிதியும்தான் அவருக்குத் தெரியும். ஆனாலும் இதற்குள் ஏதோ பெரிய விஷயம் இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. 1874இல் வேலையை விட்டுவிட்டு லண்டனுக்கு, அப்பா அம்மா வீட்டுக்குத் திரும்பினார். கேட்கும் திறன் குறைந்ததும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அதற்குப் பிறகு சாகும்வரை அவர் எந்த வேலைக்கும் போகவில்லை.

24 வயது. வேலை இல்லை, டிகிரி இல்லை, கல்யாணம் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு ஒரு அறையில் கணக்கு போட்டுக்கொண்டிருக்கும் மகன். நம்ம ஊராக இருந்தால் அக்கம்பக்கத்தார் என்ன பேசியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்க.

அந்த அறைக்குள் இருந்து வந்தவை இவை. 1876இல், நீளமான கம்பியில் மின்னலை எப்படிப் போகும் என்பதைச் சொல்லும் சமன்பாடுகள். இன்றும் தந்திச் சமன்பாடுகள் என்ற பெயரில் பொறியியல் மாணவர்கள் அவற்றைப் படிக்கிறார்கள். 1880இல், குழாய்க்குள் கம்பி என்ற அமைப்புக்குக் காப்புரிமை. கேபிள் டி.வி.க்காக நம் வீடுகளுக்கு வந்த கோஆக்சியல் கேபிளின் முன்னோடி அதுதான். 1885 வாக்கில், மேக்ஸ்வெல் 20 சமன்பாடுகளாக எழுதிவைத்ததை நான்காகச் சுருக்கினார். இன்று மேக்ஸ்வெல் சமன்பாடுகள் என்று உலகம் படிக்கும் வடிவம், ஹெவிசைட் எழுதியது.

இதற்கெல்லாம் புதுச் சொற்கள் தேவைப்பட்டன. 1885, 86, 87 வருடங்களில் 'தி எலக்ட்ரீஷியன்' இதழில் எழுதிய கட்டுரைகளில் அவற்றை அவரே உருவாக்கினார். இம்பீடன்ஸ் என்ற சொல் பிறந்தது 1886இல்.

சரி, அந்த டப்பாவில் என்னதான் இருக்கு?

இப்போ உடன்குடிக்குத் திரும்புவோம். 7.1 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 42 மீட்டர். அதில் பாதி 21. நடைமுறையில் கம்பியை இன்னும் கொஞ்சம் குறைத்து 20 மீட்டர் சொச்சத்தில் வெட்டுவார்கள். நடுவில் அறுக்காமல், ஒரு முனையில் மட்டும் மின்சாரத்தைக் கொடுத்தால் அதுதான் முனையூட்டு அரை அலை ஆன்டெனா. 1920களின் இறுதியில் ஆஸ்திரியாவின் யோசப் ஃபுக்ஸ் இதைப் பிரபலமாக்கினார். ஒரு முனை பனை உச்சியில், மறுமுனை ஜன்னல் பக்கத்தில். கட்டுவது ஈஸி.

பிரச்சினை அந்த முனையில்தான். கம்பியின் நுனியில் கரன்ட் ஓட இடமில்லை. அதனால் அங்கே கரன்ட் மிகக் குறைவு, வோல்டேஜ் மிக அதிகம். வோல்டேஜைக் கரன்ட்டால் வகுத்தால் வருவதுதான் இம்பீடன்ஸ். அது இந்த முனையில் சுமார் 2,000 முதல் 4,000 ஓம் வரை போகும். ரேடியோவோ 50 ஓமுக்காகச் செய்யப்பட்டது.

இரண்டையும் நேராக இணைத்தால்? கம்பி 2,450 ஓம் என்று வைத்துக் கணக்கு போட்டால், வரும் சக்தியில் சுமார் 92 சதவீதம் திரும்பி வந்துவிடும். 100 வாட்டில் 8 வாட்கூட கம்பிக்குள் போகாது. ஒரு கம்பியின் முனையில் சரியான மதிப்புள்ள தடை இருந்தால் அலை முழுசாக உள்வாங்கப்படும், இல்லாவிட்டால் எதிரொலித்துத் திரும்பும் என்று 1880களிலேயே கணக்கு போட்டுக் காட்டியவர், அதே ஹெவிசைட்.

இந்த இரண்டையும் சமாதானப்படுத்தி வைப்பது ஒரு டிரான்ஸ்ஃபார்மர். ஃபெரைட் என்ற கறுப்பு நிற வளையம் ஒன்று. ரேடியோ பக்கம் 2 சுற்று, கம்பி பக்கம் 14 சுற்று. சுற்றுகளின் விகிதம் 7. இம்பீடன்ஸ் அதன் வர்க்கப்படி மாறும். ஏழேழு 49. 50 ஓமை 49ஆல் பெருக்கினால் 2,450. கணக்கு சரியாகிவிட்டது! உடன்குடி பக்கத்தில் கல்லாமொழியில் அனல்மின் நிலையத்துக்காக நிற்கும் ராட்சத டிரான்ஸ்ஃபார்மர்களும் இந்த உள்ளங்கை வளையமும் ஒரே தத்துவத்தில்தான் இயங்குகின்றன.

அப்போ 2, 14 என்று சுற்றினால் போதுமா?

போதாது. இங்கேதான் வடிவமைப்பு என்ற வேலை ஆரம்பிக்கிறது.

முதல் சுருளின் இண்டக்டன்ஸ் போதிய அளவு இருக்க வேண்டும். அந்தச் சுருள் தரும் மறுப்பு 50 ஓமைப் போல நான்கைந்து மடங்காவது இருக்கணும் என்பது நடைமுறை விதி. குறைந்தால், கம்பிக்குப் போக வேண்டிய சக்தி வளையத்தைச் சூடாக்குவதில் வீணாகும். இண்டக்டன்ஸ் சுற்றுகளின் வர்க்கத்தைப் பொறுத்தது. 2 சுற்றை 3 ஆக்கினாலே அது 2.25 மடங்காகிவிடும். அதற்கேற்ப மறுபக்கம் 21 சுற்று.

அப்போ நிறையச் சுற்றிவிடலாமே? அதுவும் தப்பு. சுற்று கூடக் கூட, ஒரு சுருளின் காந்தப்புலம் இன்னொன்றைச் சேராமல் கசிவதும், சுற்றுகளுக்கு இடையிலான மின்தேக்கமும் கூடும். உயர் அதிர்வெண்களில் அது காலை வாரிவிடும். அந்தக் கசிவைச் சரிக்கட்டத்தான் முதல் சுருளின் குறுக்கே 100 பிகோஃபாரட் அளவில் ஒரு சின்ன கெப்பாசிட்டர் வைப்பார்கள்.

வளையத்தின் பெர்மியபிலிட்டியும் நிலையானது கிடையாது. அதிர்வெண் ஏற ஏற அதில் ஒரு பகுதி சக்தியைத் தின்னும் குணமாக மாறிவிடும். அதனால்தான் இப்போது பலரும் வளையத்தின் தரவுகளைக் கம்ப்யூட்டரில் கொடுத்து, இழப்பைக் கணித்துப் பார்த்துவிட்டு அப்புறம் சுற்றுகிறார்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. மீட்டர் நல்ல அளவு காட்டினால் டப்பா நல்ல டப்பா என்று நம்பிவிடக் கூடாது. சக்தியைத் தானே தின்று சூடாகிற மோசமான வளையமும் மீட்டரில் அருமையாகத்தான் தெரியும், ஏன்னா எதுவும் திரும்பி வரவில்லையே! உண்மை தெரிய, ஒரே மாதிரி இரண்டு டிரான்ஸ்ஃபார்மர் செய்து, முதுகோடு முதுகாக இணைத்து அளக்கணும். மொத்த இழப்பு 2 டெசிபல் என்றால் ஒவ்வொன்றிலும் 1 டெசிபல். அதாவது 100 வாட்டில் சுமார் 20 வாட் வெறும் சூடு.

இன்னொன்று, 100 வாட் அனுப்பும்போது அந்தக் கம்பி முனையில் சுமார் 500 வோல்ட் இருக்கும். குழந்தைகள் கைபடும் உயரத்தில் கட்டவே கூடாது. மின்கம்பிகளுக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

அதிகாரி சொன்னதும் கணக்கு சொன்னதும்

இண்டக்டன்ஸ் என்ற இந்த ஒரு சொல்தான் ஹெவிசைடின் வாழ்க்கையையே புரட்டிப்போட்டது.

1880களில் டெலிபோன் பரவியது. தூரம் கூடினால் குரல் சிதைந்தது. பிரிட்டிஷ் அஞ்சல் துறையில் மின்பொறியியலின் பெரிய அதிகாரி வில்லியம் பிரீஸ். கம்பியில் இருக்கும் இண்டக்டன்ஸ்தான் வில்லன், அதைக் குறைக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

ஹெவிசைடின் கணக்கு நேர் எதிராகச் சொன்னது. குரலில் இருக்கும் கனமான ஒலியும் கீச்சொலியும் கம்பியில் வெவ்வேறு வேகத்தில் போகின்றன, வெவ்வேறு அளவில் தேய்கின்றன. அதனால்தான் குரல் குழம்புகிறது. தடைக்கும் இண்டக்டன்ஸுக்கும் உள்ள விகிதமும், கசிவுக்கும் மின்தேக்கத்துக்கும் உள்ள விகிதமும் சமமாக இருந்தால் சிதைவே இருக்காது. அதற்கு இண்டக்டன்ஸைக் கூட்ட வேண்டும், கம்பி நெடுக ஆங்காங்கே சுருள்களை வைக்கலாம் என்றார்.

1887இல், அஞ்சல் துறையிலேயே வேலை பார்த்த அண்ணன் ஆர்தரோடு சேர்ந்து இதைக் கட்டுரையாக எழுதினார். அதை வெளியிட பிரீஸ் அனுமதிக்கவில்லை. அதே வருஷம் 'தி எலக்ட்ரீஷியன்' இதழின் ஆசிரியர் மாற்றப்பட்டார். புதிய ஆசிரியர் ஹெவிசைடின் தொடரை நிறுத்திவிட்டார்.

அமெரிக்காவில் 1900இல் மைக்கேல் பூபின் என்ற பேராசிரியர் அதே சுருள் யோசனைக்குக் காப்புரிமை பெற்றார். ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் அவருக்கு லட்சக்கணக்கான டாலர் கொடுத்தது. தொலைதூர டெலிபோன் ஓஹோவென்று வளர்ந்தது. ஹெவிசைட் அந்தச் சுருளுக்குக் காப்புரிமை வாங்கி வைத்திருக்கவில்லை. பின்னாளில் அந்த நிறுவனம் அவருக்கும் பணம் தர முன்வந்தது. கண்டுபிடித்தது நான் என்று முழுசாக ஒப்புக்கொள்ளாதவரை ஒரு பைசா வேண்டாம் என்று மறுத்துவிட்டார். அப்போது அவர் வசதியாக இருந்தார் என்று நினைக்காதீங்க. கஷ்டத்தில்தான் இருந்தார்.

அங்கீகாரம் வராமலே போய்விடவில்லை. 1888இல் ஹென்றிக் ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளைச் சோதனையில் காட்டியதும், இந்தத் துறையில் ஹெவிசைட் எழுதியவற்றின் மதிப்பு புரிந்தது. 1891இல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1896இல் ஆண்டுக்கு 120 பவுண்ட் அரசு உதவித்தொகை. தர்மம் என்றால் வாங்க மாட்டார் என்பதால், இது கௌரவம் என்று நண்பர்கள் எடுத்துச்சொல்லி வாங்க வைத்தார்கள்.

வானத்தில் ஒரு கண்ணாடி

1901 டிசம்பரில் மார்க்கோனி அட்லாண்டிக் கடல் தாண்டி வானொலி சிக்னல் கிடைத்ததாக அறிவித்தார். உலகம் குழம்பியது. ஒளி மாதிரி நேராகப் போகும் அலை, உருண்டையான பூமியைச் சுற்றி எப்படிப் போனது?

1902இல் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்துக்கு எழுதிய தந்தி பற்றிய கட்டுரையில், ஹெவிசைட் சில வரிகளில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனார். மேல் வளிமண்டலத்தில் மின்சாரம் கடத்தும் அடுக்கு ஒன்று இருக்கலாம், அதற்கும் கடலுக்கும் நடுவே அலைகள் வழிநடத்தப்படலாம் என்பதே அது. அதே வருஷம் அமெரிக்காவில் ஆர்தர் கென்னலியும் தனியாக இதையே சொன்னார். அதனால் அதற்கு கென்னலி-ஹெவிசைட் அடுக்கு என்று பெயர். இப்போது அயனி மண்டலத்தின் ஈ அடுக்கு என்கிறோம். அதற்கும் மேலே எஃப் அடுக்கு. 7 மெகாஹெர்ட்ஸ் அலைகளைப் பெரும்பாலும் திருப்பி அனுப்புவது அந்த மேல் அடுக்குதான்.

கடற்கரைக்கு இது வெறும் பாடம் இல்லை. படகுகளில் இருக்கும் வி.எச்.எஃப். கருவி கிட்டத்தட்ட கண்பார்வைத் தூரத்துக்குத்தான் எட்டும். 2017இல் ஒக்கி புயலின்போது ஆழ்கடலில் இருந்தவர்களைக் கரையில் இருந்து கூப்பிட முடியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். குறைந்த அதிர்வெண் அலைகளோ மேலே போய்த் திரும்பி, சில நூறு கிலோமீட்டர் தாண்டியும் இறங்கும். இரவில் கடல் கடந்தும் போகும்.

ஹெவிசைடின் அடுக்கோடு நம் ஊருக்குத் தனி உறவே இருக்கு. பூமியின் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்முனைக்கு அருகில் போகிறது. அதற்கு நேர் மேலே, 100 கி.மீ. சொச்சம் உயரத்தில், ஈ அடுக்கில் பகல் நேரத்தில் பெரிய மின்னோட்டம் ஒன்று ஓடுகிறது. 1963இல் ராக்கெட் ஏவ தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம். திருநெல்வேலி பக்கம் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இன்றும் அதைத்தான் கவனிக்கிறது. விஜயநாராயணத்தில் 1990இல் தொடங்கப்பட்ட ஐ.என்.எஸ். கட்டபொம்மன் கடற்படைத் தளம் நீர்மூழ்கிகளுக்கு அனுப்பும் மிகத்தாழ் அதிர்வெண் அலைகளும், கடலுக்கும் அந்த அடுக்குக்கும் நடுவேதான் பயணிக்கின்றன. 1902இல் ஹெவிசைட் சொன்ன அதே வழி.

கடைசி வருடங்கள்

1908இல் கடலோர ஊரான டார்க்கீக்குக் குடிபோனார் ஹெவிசைட். தம்பதி இல்லை, பிள்ளை இல்லை. காது சுத்தமாகக் கேட்கவில்லை. உடம்பும் மனசும் தளர்ந்தன. பில் கட்டாததால் கேஸ் இணைப்பைத் துண்டித்தார்கள். குளிரில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறிஞர்கள் பெயருக்குப் பின்னால் பட்டங்களைப் போடுவார்கள் இல்லையா? இவர் கடிதங்களில் தன் பெயருக்குப் பின்னால், ஆங்கிலத்தில் புழு என்று பொருள் தரும் நான்கு எழுத்துகளைப் பட்டம் மாதிரி போட்டுக்கொண்டார். கிண்டலா, கசப்பா? இரண்டும்தான் போல.

1922இல் பிரிட்டனின் மின்பொறியாளர் சங்கம் ஃபாரடே பதக்கத்தை உருவாக்கி, முதல் பதக்கத்தை அவருக்குக் கொடுத்தது. சங்கத் தலைவரே டார்க்கீ வீட்டுக்கு வந்து கொடுத்துவிட்டுப் போனார்.

1924 டிசம்பரில் எட்வர்ட் ஆப்பிள்டன், பி.பி.சி.யின் ஒரு நிலையத்தில் இருந்து வந்த அலைகளை வைத்து, வானத்து அடுக்கு நிஜமாகவே இருக்கிறது என்று அளந்து காட்டினார். அந்த முடிவு 1925 மார்ச்சில் இதழில் வெளியானது. ஏணியில் இருந்து விழுந்து அடிபட்டிருந்த ஹெவிசைட், அதற்கு ஒரு மாதம் முன்பே, பிப்ரவரி 3 அன்று இறந்திருந்தார். 1947இல் ஆப்பிள்டனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஹெவிசைட், அம்மா அப்பாவோடு பெயின்டன் ஊர்க் கல்லறையில் கிடக்கிறார்.

இதை இப்போ ஏன் படிக்கணும்?

ரேடியோவில் இருந்து கிளம்பும் கோஆக்சியல் கேபிள், டப்பாவுக்குள் இருக்கும் வளையத்தின் பெர்மியபிலிட்டி, சுருளின் இண்டக்டன்ஸ், கம்பி முனையின் இம்பீடன்ஸ், கம்பியில் அலை நகரும் சமன்பாடு, கடைசியில் அலையைத் திருப்பி அனுப்பும் வானம்... ஒரு இடத்தில்கூட ஹெவிசைடைத் தொடாமல் அந்தப் பனைமரத்துக் கம்பி பேச முடியாது. அவரிடம் இருந்தது பள்ளிப் படிப்பும், சில புத்தகங்களும், பூட்டிய அறையும் மட்டும்.

ஹாம் உரிமத் தேர்வு எழுத இந்தியாவில் 12 வயது ஆகியிருந்தால் போதும். டிகிரி கேட்க மாட்டார்கள். உரிமம் இல்லாமல் ஒலிபரப்புவது குற்றம், அதனால் முதலில் தேர்வு, அப்புறம்தான் கம்பி. அடுத்த டிசம்பரில் மழை மறுபடி கொட்டி, டவர்கள் மறுபடி படுத்துவிட்டால், ஊருக்கு ஒருத்தராவது இப்படிக் கம்பி கட்டத் தெரிந்தவர் இருந்தால் ஸ்ரீவைகுண்டத்தில் நின்ற ரயில் மாதிரி ஒரு ரயிலின் சேதி வெளியே வர நேரமாகாது. மரம் நம்மிடம் இருக்கு. கணக்கையும் ஒருத்தர் எப்பவோ போட்டுவைத்துவிட்டார்.